சாட்சிகள் சொன்னதும் ஹாதார்ன் சொல்லாததும்



1692 மார்ச் 1. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் சேலம் கிராமத்து ஜெபக்கூடத்தில் சாரா குட் என்ற ஏழைப் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். வீடு வீடாகக் கேட்டு வாங்கிப் பிழைத்தவள். விசாரணை நடத்தியவர்களில் முதன்மையானவர் ஜான் ஹாதார்ன். 'நீ சூனியக்காரியா' என்று அவர் கேட்கவில்லை. எந்தக் கெட்ட ஆவியோடு உனக்குப் பழக்கம் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. தீர்ப்பு அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது. எதனோடும் இல்லை என்று அவள் மறுத்தாள். ஜூலை மாதம் அவளைத் தூக்கிலிட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் 19 பேர் தூக்கில் தொங்கினார்கள். முதியவர் ஒருவர் மேல் கற்களை அடுக்கி நசுக்கிக் கொன்றார்கள்.

அந்த ஜான் ஹாதார்னின் எள்ளுப்பேரன்தான் நாம் இன்று பேசப்போகும் எழுத்தாளர் நதானியேல் ஹாதார்ன். 1804 ஜூலை 4 அன்று சேலம் துறைமுக நகரத்தில் பிறந்தார். வாலிப வயதில் தன் குடும்பப் பெயரின் எழுத்துக்கூட்டலில் புதிதாக ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொண்டார். முன்னோரிடமிருந்து சற்று விலகி நிற்க விரும்பினார் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். விலகினாரா என்றால், இல்லை. 'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாவலின் முன்னுரையாக அமைந்த 'சுங்க அலுவலகம்' கட்டுரையில், அந்த முன்னோர்களின் பழியை அவர்களுக்காகத் தானே ஏற்றுக்கொள்வதாக வெளிப்படையாக எழுதினார்.

ஹாதார்னைப் படிப்பவர்கள் குறியீடு என்றும் உளவியல் என்றும் பொருள்மயக்கம் என்றும் மூன்று தலைப்புகளாகப் பிரித்துக்கொண்டு படிப்பது வழக்கம். ஆங்கில இலக்கிய வகுப்பில் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு இந்தப் பிரிவினை நன்றாகத் தெரியும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மூன்றுக்கும் வேர் ஒன்றே, அது 1692-இல் இருக்கிறது. பிறர் நெஞ்சுக்குள் இருப்பதைத் தாம் கண்ணால் கண்டுவிட்டதாக நம்பிய மனிதர்கள் நடத்திய கொலை அது. அந்த நம்பிக்கையைத் தன் எழுத்துக்குள் எங்கும் நுழையவிடாமல் தடுப்பதற்காகவே ஹாதார்ன் ஒரு கதை முறையை உருவாக்கினார் என்பது என் கருத்து.

சேலம் வழக்குகளில் ஏற்கப்பட்ட ஒரு விசித்திரமான சாட்சியத்தைச் சொன்னால் இது தெளிவாகும். 'இவளுடைய ஆவியுருவம் இரவில் வந்து என்னைக் கிள்ளியது, கழுத்தை நெரித்தது' என்று பாதிக்கப்பட்டதாகச் சொல்லும் பெண் சாட்சி சொல்வாள். குற்றம் சாட்டப்பட்டவள் அப்போது தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்திருக்கலாம். அதனால் பயனில்லை. அவளுடைய உருவம் வந்திருக்கிறதே! இதற்கு எதிராக அன்றைய மதகுருமார் சிலர் எழுப்பிய கேள்வி கூர்மையானது. நிரபராதி ஒருவரின் உருவத்தை அவருக்கே தெரியாமல் சாத்தான் எடுத்துக்கொள்ள முடியாதா? முடியும் என்றால் இந்தச் சாட்சியமெல்லாம் சாத்தானின் சாட்சியமாகிவிடாதா? அக்டோபரில் ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் அந்தச் சிறப்பு நீதிமன்றத்தைக் கலைத்தார். நீதிபதிகளில் ஒருவரான சாமுவேல் சிவால் 1697-இல் பாஸ்டன் தேவாலயத்தில் சபையார் முன் எழுந்து நின்று, தன் மன்னிப்புக் கடிதம் வாசிக்கப்படுவதைக் கேட்டார். ஜான் ஹாதார்ன் அப்படி எதுவும் செய்ததாகப் பதிவில்லை.

இனி 'யங் குட்மேன் பிரவுன்' கதைக்கு வருகிறேன். 1835-இல் வெளிவந்த சிறுகதை. இளைஞன் பிரவுன் புது மனைவியிடம் விடைபெற்றுக்கொண்டு ஒரே ஓர் இரவு மட்டும் காட்டுக்குள் போகிறான். அவள் பெயர் ஃபெய்த், அதாவது விசுவாசம். தலைத்தொப்பியில் இளஞ்சிவப்பு நாடா கட்டியிருக்கிறாள். காட்டில் பிரவுனுக்குத் துணையாக வரும் மனிதன் அவனுடைய தகப்பனைப் போலவே இருக்கிறான். ஒரு குவேக்கர் பெண்ணைச் சேலம் தெருக்களில் சாட்டையால் அடித்தபடி இழுத்துச் சென்ற உன் தாத்தாவுக்கு உதவியவன் நான் என்கிறான். இந்தச் சாட்டையடி ஹாதார்னின் இன்னொரு மூதாதையான வில்லியத்தின் பெயரோடு சேர்ந்த வரலாறு. பிரவுனுக்குச் சிறுவயதில் ஞானோபதேசம் சொல்லித் தந்த கிழவி குடி கிளாய்ஸும் அதே காட்டு வழியில் வருகிறாள். கிளாய்ஸ் என்பது 1692-இல் குற்றம் சாட்டப்பட்ட உண்மைப் பெண்ணின் பெயர். போதகர் வருகிறார், டீக்கன் வருகிறார். ஊரே சாத்தானின் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

ஒரு மேகம் தலைக்கு மேலே கடந்து போகிறது. அதற்குள்ளிருந்து ஃபெய்தின் குரல் கேட்பதுபோல் இருக்கிறது. காற்றில் ஏதோ படபடத்து இறங்கி ஒரு கிளையில் சிக்குகிறது. பிரவுன் அதை எடுத்துப் பார்க்கிறான். இளஞ்சிவப்பு நாடா! அதுவரை தயங்கிக்கொண்டிருந்தவனுக்கு அதற்கு மேல் சந்தேகமே இல்லை. கையில் தடயம் இருக்கிறது.

விடிந்து ஊர் திரும்பும்போது ஃபெய்த் தெருவில் ஓடிவந்து அவனை வரவேற்கிறாள். தொப்பியில் அதே நாடா இருக்கிறது. இதை ஹாதார்ன் போகிறபோக்கில் ஒரு சொல்லில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறார். காட்டில் அவன் கையில் பிடித்தது எது? கூட்டம் மறைந்த கணத்தில் இன்னொரு நுணுக்கத்தையும் வைத்திருக்கிறார். அதுவரை கொழுந்துவிட்டு எரிந்த மரக்கிளை ஒன்று அவன் கன்னத்தில் குளிர்ந்த பனித்துளியைச் சிந்துகிறது. நெருப்பு எரிந்த கிளையில் பனி எப்படி வந்தது? பிரவுன் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. கனவா நனவா என்று கதைசொல்லிதான் கேட்கிறார். பிரவுனோ தான் கண்டதை நம்பி, அன்று முதல் மனைவியை, போதகரை, ஊரை மொத்தமாகக் குற்றவாளிகளாகத் தீர்மானித்து, இருண்டுபோன மனிதனாக வாழ்ந்து முடிக்கிறான். இந்தக் கதையைச் சேலத்தின் ஆவியுருவச் சாட்சியத்தோடு வைத்துப் படிக்க வேண்டும் என்று டேவிட் லெவின் என்ற ஆய்வாளர் 1962-இல் எழுதினார். அதைப் படித்த பிறகு இந்தக் கதையை வேறு எப்படியும் என்னால் படிக்க முடியவில்லை. ஹாதார்னின் எள்ளுத்தாத்தா செய்ததைத்தான் பிரவுனும் செய்கிறான். அவனிடம் தூக்குமரம் இல்லை என்பது ஒன்றே வேறுபாடு.

தன் நீண்ட கதைகளை நாவல் என்று அழைப்பதை ஹாதார்ன் தவிர்த்தார், ரொமான்ஸ் என்றார். 1851-இல் வந்த 'தி ஹவுஸ் ஆஃப் தி செவன் கேபிள்ஸ்' முன்னுரையில் இதற்கு விளக்கம் தருகிறார். நாவல் அன்றாட வாழ்க்கையின் நடப்புக்குக் கட்டுப்பட்டது. ரொமான்ஸ் எழுதுபவருக்கு ஒளியைக் கூட்டவும் நிழலை ஆழமாக்கவும் உரிமை உண்டு, மனித உள்ளத்தின் உண்மையை மட்டும் மீறக் கூடாது. அதாவது நிகழ்ச்சிகளில் எடுத்துக்கொண்ட சுதந்திரத்தை மனதின் விஷயத்தில் அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த மனதை அவர் எவ்வளவு அறிந்திருந்தார் என்பதற்கு 1832-இல் வந்த 'ரோஜர் மால்வின்ஸ் பெரியல்' ஒன்றே போதும். செவ்விந்தியர்களோடு நடந்த சண்டையில் காயம்பட்ட இருவர் காட்டில் கிடக்கிறார்கள். மூத்தவர் மால்வின் பிழைக்க மாட்டார். இளைஞன் ரூபன் அவருக்கு மருமகனாக வரவேண்டியவன். நீயாவது போய்ப் பிழைத்துக்கொள், பிறகு வந்து என்னை அடக்கம் செய் என்று பெரியவரே வற்புறுத்தி அனுப்புகிறார். அடையாளத்துக்காக ஓர் இளம் ஓக் மரத்தின் உச்சியில் ரத்தக்கறை படிந்த கைக்குட்டையை ரூபன் கட்டிவிட்டுப் போகிறான். ஊர் சேர்ந்ததும் காதலி டார்கஸ் தகப்பனைப் பற்றிக் கேட்கிறாள். அவர் அடக்கம் செய்யப்பட்டதாக அவளே நினைத்துக்கொள்கிறாள், இவன் மறுக்கவில்லை. அவ்வளவுதான் குற்றம்! அவரை விட்டு வந்ததில்கூடப் பெரிய பிழை இல்லை, மறுக்காமல் இருந்ததுதான் உள்ளே புரையோடுகிறது. திருமணம் நடக்கிறது, மகன் பிறக்கிறான், ரூபன் கடுகடுத்த மனிதனாகிறான், நிலபுலன் கைவிட்டுப் போகிறது. பல ஆண்டுகள் கழித்துக் குடும்பத்தோடு புதிய நிலம் தேடிக் காட்டுக்குள் புறப்படுகிறான். திட்டமிட்ட பாதையை விட்டு அவன் விலகிக்கொண்டே போவதை மகன் கவனிக்கிறான். ஒரு மாலையில் புதருக்குள் அசைவைக் கண்டு, மான் என்று நினைத்து ரூபன் சுடுகிறான். செத்து விழுவது மகன். விழுந்த இடம் மால்வினை விட்டுச் சென்ற அதே பாறை. கைக்குட்டை கட்டிய ஓக் செழித்து வளர்ந்திருக்கிறது, உச்சிக் கிளை மட்டும் பட்டுப்போயிருக்கிறது.

தற்செயலா? தெய்வச் செயலா? அவனுக்கே தெரியாமல் அவனுடைய மனம் அவனை அங்கே நடத்திக்கொண்டு வந்ததா? தன்னை வழிநடத்துவது தெய்வத்தின் சித்தம் என்று ரூபன் நம்புகிறான். ஹாதார்ன் அந்த நம்பிக்கையைப் பதிவு செய்கிறார், ஒப்புதல் தரவில்லை. இந்தக் கதை வந்து 24 ஆண்டுகளுக்குப் பிறகுதான் சிக்மண்ட் ஃபிராய்ட் பிறக்கிறார். 1966-இல் ஃபிரெடெரிக் க்ரூஸ் ஃபிராய்டின் வழியில் ஹாதார்னை ஆராய்ந்து ஒரு நூலே எழுதினார். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. தன் நெஞ்சில் இருப்பது தனக்கே தெரியாத மனிதனை ஹாதார்ன் காட்டுகிறார். நெஞ்சுக்கு உரியவனுக்கே தெரியாததை, எதிரே நாற்காலியில் அமர்ந்திருக்கும் நீதிபதி எப்படிக் கண்டுபிடிப்பார்?

'தி மினிஸ்டர்ஸ் பிளாக் வெயில்' கதையில் ஹூப்பர் என்ற போதகர் ஒருநாள் முகத்தில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறார். சாகும்வரை அதை எடுக்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. ஊரார் ஆளுக்கொரு காரணம் கற்பிக்கிறார்கள். எட்கர் ஆலன் போ 1842-இல் ஹாதார்னின் தொகுப்புக்கு மதிப்புரை எழுதியபோது இந்தக் கதையின் ரகசியத்தைத் தான் கண்டுகொண்டதாகக் கருதினார். கதையில் அடக்கம் செய்யப்படும் இளம்பெண் சம்பந்தமான ஒரு குற்றத்தைப் போதகர் செய்திருக்கிறார் என்பது அவருடைய முடிவு. போ சாதாரண வாசகர் அல்லர். அதற்கு முந்தைய ஆண்டுதான் துப்பறியும் கதைக்கு முன்னோடியான கதையை எழுதியிருந்தவர். அவரே அந்த ஊராரில் ஒருவராகிப் போனார். துணிக்குப் பின்னால் இருப்பதைக் கண்டுவிட்டேன் என்று வாசகரைச் சொல்லவைப்பதும், அப்படிச் சொன்ன வாசகரைக் கதைக்குள் இழுத்து நிறுத்துவதும் ஹாதார்னின் கலை.

1849-இல் ஆட்சி மாறியதால் ஹாதார்னின் சேலம் சுங்க அலுவலக வேலை போனது. அதே கோடையில் தாயும் இறந்தார். அந்த நாட்களில் எழுதத் தொடங்கியதுதான் 'தி ஸ்கார்லெட் லெட்டர்'. 1850 மார்ச்சில் வெளிவந்து, முதல் பதிப்பின் 2,500 பிரதிகளும் பத்து நாளில் விற்றன. பதினேழாம் நூற்றாண்டு பாஸ்டன். கணவன் ஊரில் இல்லாத நிலையில் குழந்தை பெற்ற ஹெஸ்டர் பிரின் வாழ்நாள் முழுக்க மார்பில், கள்ள உறவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தான 'ஏ'-யைச் சிவப்பில் அணிய வேண்டும் என்பது தீர்ப்பு. குழந்தையின் தகப்பன் அவளைக் கண்டிக்க வேண்டிய இடத்தில் இருக்கும் இளம் போதகர் டிம்மஸ்டேல். இது ஊருக்குத் தெரியாது. அவளுடைய கணவன் சில்லிங்வொர்த் என்ற பொய்ப் பெயரில் மருத்துவனாக வந்து சேர்கிறான்.

அந்த எழுத்துக்கு ஒரே பொருள்தான் இருக்க வேண்டும் என்று நீதிபதிகள் தீர்மானித்தார்கள். ஹெஸ்டர் அதைப் பொன் நூலால் அலங்கரித்துத் தைத்துக்கொண்டபோதே அவர்கள் பிடி தளர்ந்துவிட்டது. ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் அவள் ஓடியோடி உதவியதைப் பார்த்த ஊர், 'ஏபிள்', அதாவது ஆற்றல் உள்ளவள் என்று அந்த எழுத்துக்குப் புதுப்பொருள் சொல்லத் தொடங்கியது. ஆளுநர் மாளிகையில் ஒரு காட்சி. சுவரில் பளபளக்கும் மார்புக் கவசம் தொங்குகிறது. குழந்தை பேர்ல் கைகாட்ட, ஹெஸ்டர் அதில் தன் பிம்பத்தைப் பார்க்கிறாள். வளைந்த உலோகத்தில் எழுத்து பூதாகரமாகத் தெரிகிறது, அவள் அதற்குப் பின்னால் மறைந்தே போகிறாள். அது யாருடைய கவசம் என்பதைக் கவனியுங்கள். ஆளுநருடையது. அதிகாரத்தின் மார்பில் ஹெஸ்டர் இப்படித்தான் தெரிவாள். குறியீடு என்றால் இதற்குமேல் ஒரு சொல் விளக்கம் வேண்டுமா?

டிம்மஸ்டேலின் நோயை ஹாதார்ன் சித்தரிக்கும் விதம் இன்னும் கூர்மையானது. அவர் பிரசங்க மேடையில் நின்று, நான் பாவிகளிலும் பாவி என்று சபையார் முன் பலமுறை சொல்கிறார். என்ன பாவம் என்று மட்டும் சொல்வதில்லை. கேட்டவர்கள், இவ்வளவு பரிசுத்தமானவரே இப்படிச் சொன்னால் நம் கதி என்ன என்று அவரை மேலும் வணங்குகிறார்கள். இது இப்படித்தான் முடியும் என்பது அவருக்கும் தெரியும். உண்மையைச் சொல்லியே பொய்யனாகும் மனிதர்! அன்றைய உரைநடைக் கதையில் இப்படிப்பட்ட நுட்பம் மிகவும் அரிது. ஹெஸ்டரோடு ஓடிப்போக முடிவெடுத்து அவர் காட்டிலிருந்து திரும்பும் அத்தியாயத்தையும் பாருங்கள். எதிரே வரும் மூத்த டீக்கனிடம் தேவதூஷணம் சொல்ல நாக்கு துடிக்கிறது. துணையில்லாத கிழவியின் காதில் ஆத்மா அழியக்கூடியது என்று ஓதத் தோன்றுகிறது. தெருவில் விளையாடும் குழந்தைகளுக்குக் கெட்ட வார்த்தை கற்றுக்கொடுக்க ஆசை வருகிறது. ஏழு ஆண்டுகள் அடைத்துவைத்த மனதின் கதவு ஒரு நொடி திறந்ததால் வந்த வினை.

சில்லிங்வொர்த் அந்த மனதைத் தோண்டிப் பார்க்கிறான். தூங்கும் போதகரின் மேலங்கியை விலக்கி மார்பைப் பார்த்துவிட்டுக் கூத்தாடுகிறான். என்ன கண்டான் என்பது நமக்குச் சொல்லப்படவில்லை. மோகத்தில் விழுந்த இருவரின் குற்றத்தைவிட இந்தப் பார்வையே கொடிய குற்றம் என்று கதைக்குள் டிம்மஸ்டேல் சொல்கிறார். ஹாதார்னும் அந்தப் பக்கம்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. தெரிந்துகொள்வதற்காக மட்டுமே இன்னொருவர் நெஞ்சைக் கிழிப்பவனை அவர் எந்தக் கதையிலும் மன்னித்ததில்லை.

நள்ளிரவில் தண்டனை மேடையில் டிம்மஸ்டேல் நிற்கும்போது வானில் எரிகல் ஒளிர்கிறது. அதில் அவர் மங்கிய சிவப்பில் அந்த எழுத்தைக் காண்கிறார். கதைசொல்லி உடனே, இது குற்றமுள்ள கண்ணின் மயக்கம், வேறொருவர் வேறெதையாவது கண்டிருப்பார் என்கிறார். சரி, உளவியல் விளக்கம் கிடைத்துவிட்டது என்று நாம் நிம்மதியடைகிறோம். மறுநாள் காலை ஆலயப் பணியாளர் வந்து, நேற்றிரவு வானத்தில் அந்த எழுத்தை எல்லோரும் பார்த்தார்களே, ஆளுநர் வின்த்ராப் இறந்து 'ஏஞ்சல்', அதாவது தேவதூதர் ஆகிவிட்டார் என்பதன் அடையாளம் என்கிறார். நிம்மதி போயிற்று. இந்த இடம் அளவு மீறிவிட்டது என்று ஹென்றி ஜேம்ஸ் 1879-இல் எழுதினார். ஜேம்ஸின் ரசனையை மதிக்கிறேன். ஆனாலும் இந்த இடத்தில் அவர் அவசரப்பட்டுவிட்டார் என்றே தோன்றுகிறது. அறிவுபூர்வமான விளக்கத்துக்குக்கூட முழு உறுதியைத் தரமாட்டேன் என்று ஹாதார்ன் நிற்கும் இடம் இது.

கடைசியில் டிம்மஸ்டேல் பட்டப்பகலில், ஊர் கூடி நிற்க, மேடை ஏறித் தன் மார்பைத் திறந்து காட்டி இறக்கிறார். ஆயிரம் கண்கள் பார்த்தன. அடுத்த அத்தியாயத்தில் சாட்சிகள் பேசுகிறார்கள். மார்பில் எழுத்து இருந்தது, தன்னைத்தானே வதைத்துப் பொறித்துக்கொண்டார் என்கிறார்கள் சிலர். மருத்துவனின் மருந்தும் மந்திரமும் செய்த வேலை என்கிறார்கள் வேறு சிலர். குற்றவுணர்வின் பல் உள்ளிருந்து அரித்து வெளியே வந்தது என்கிறார்கள் இன்னும் சிலர். மார்பில் எதுவுமே இல்லை, பிறந்த குழந்தையின் மார்பைப் போல் வெறுமையாக இருந்தது, அவர் எந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளவும் இல்லை என்று சாதிக்கிறார்கள் அவருடைய நெருங்கிய அன்பர்கள். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நம்மிடம் விட்டுவிடுகிறார் ஹாதார்ன். 1941-இல் எஃப். ஓ. மத்தீசன் இதைப் பல தெரிவுகளை முன்வைக்கும் உத்தி என்று வகைப்படுத்தினார். உத்தி என்று மட்டும் சொல்லி நிறுத்துவது எனக்குப் போதவில்லை. 1692-இல் நீதிபதிகள் சாட்சிகளைக் கேட்டு முடிவுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவரின் எள்ளுப்பேரன் சாட்சிகளை அழைத்து, எல்லோர் சொல்லையும் பதிவு செய்து, தீர்ப்பு எழுதாமல் எழுந்து போகிறார்.

இதே மனிதர் இந்தத் தயக்கத்தைத் தவறான இடத்திலும் காட்டினார். அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்தால் அது நேர்மையாகாது. 1852-இல் கல்லூரித் தோழர் ஃபிராங்க்ளின் பியர்ஸ் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றபோது, அவருக்காக ஹாதார்ன் ஒரு வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடுத்தார். அடிமை முறை மனித முயற்சியால் ஒழியக்கூடியதல்ல, தெய்வம் வகுத்த நேரத்தில் கனவுபோல் தானே கலைந்துவிடும் என்ற கருத்தை அதில் முன்வைத்தார். அடிமையாக இருந்து தப்பிய ஃபிரெடெரிக் டக்ளஸ் தன் முதுகில் விழுந்த சாட்டையடிகளைத் தன் பெயரிட்டே எழுதி வெளியிட்டு அப்போது ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அது ஆவியுருவச் சாட்சியம் அன்று, உயிருள்ள மனிதனின் வாக்குமூலம். அதை ஹாதார்ன் காதில் வாங்கவில்லை. பியர்ஸ் வென்றார். 1853-இல் ஹாதார்ன் லிவர்பூலில் அமெரிக்கத் தூதரகப் பதவியில் அமர்ந்தார். ஒரு பெண்ணின் நெஞ்சைத் தீர்மானிக்க மறுத்தபோது அவருக்கிருந்த பெருமை, லட்சக்கணக்கானோரின் விலங்கைப் பற்றித் தீர்மானிக்க மறுத்தபோது இல்லை. அவரை நேசிக்கிறவன் என்பதாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன்.

லிவர்பூலுக்குப் பிறகு இத்தாலி. ரோமில் பிராக்சிட்டலஸ் வடித்ததாகச் சொல்லப்படும் ஃபான் சிலையைக் கண்டதிலிருந்து பிறந்தது அவருடைய கடைசி முழு ரொமான்ஸ், 1860-இல் வெளிவந்த 'தி மார்பிள் ஃபான்'. பாதி மனிதனும் பாதி விலங்குமான அந்தப் புராண உருவத்தை அச்சாக ஒத்த இளைஞன் டோனட்டெல்லோ ஒரு கொலையைச் செய்கிறான். அதன் பிறகுதான் அவனுக்குள் சிந்தனையும் மனச்சாட்சியும் விழிக்கின்றன. பாவம்தான் மனிதனை முழுமையாக்குகிறதா என்ற கேள்வியைப் பாத்திரங்களில் ஒருவன் எழுப்ப, அவன் காதலி பதறிப்போய் அவன் வாயை அடைக்கிறாள். கதை முடிவில் பல முடிச்சுகள் அவிழ்க்கப்படாமலே இருந்தன. இங்கிலாந்து வாசகர்கள் விளக்கம் கேட்டு நச்சரிக்க, மறுபதிப்பில் ஒரு பின்னுரை சேர்க்க வேண்டியதாயிற்று. ஆசிரியரே பாத்திரங்களைச் சந்தித்துக் கேள்வி கேட்பதுபோல் அதை எழுதினார். யார் எங்கே போனார்கள், எந்தப் பொட்டலத்தில் என்ன இருந்தது என்பது போன்ற சில்லறைச் சந்தேகங்களுக்கெல்லாம் பதில் கிடைக்கிறது. டோனட்டெல்லோவின் சுருண்ட முடிக்குள் மறைந்திருக்கும் காதுகள் மனிதக் காதுகளா, ஃபானின் கூர்த்த ரோமக் காதுகளா என்பது கடைசிக் கேள்வி. தெரியும், ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்ல மாட்டேன் என்று பாத்திரம் மறுத்துவிட, பின்னுரை அதோடு முடிகிறது.